கடைசி வரிசையிலிருந்து எடுத்த படம்

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் படம் எடுக்கச் சொன்னதே அண்ணன்தான். கல்யாண வீடுகளில் படம் எடுப்பது என் தொழில். ஆனாலும் தங்கச்சிக்குப் பாடம் நடத்தாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

"கேமராவைக் கிட்ட கொண்டுவராதே. அம்மா உம்முனு ஆயிடுவாங்க. அந்த நீள லென்ஸ வெச்சு தூரத்துல நின்னு எடு. நேச்சுரலா இருக்கும்."

அம்மா இருப்பது அவன் வீட்டில். என்னோடு அனுப்பு என்று நானும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திப் பார்த்துவிட்டேன். "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பொண்ணு வீட்டுக்கா?" என்பான். அம்மாவோ, "எனக்கென்னடி குறைச்சல்?" என்பாள். அதற்கு மேல் நான் என்ன பேச?

விழா மண்டபத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று லென்ஸை மேடைக்குத் திருப்பினேன். அண்ணன் மைக்கில் உருகிக்கொண்டிருந்தான். "எங்கம்மாதான் என் உசுரு!" நாற்காலியில் அம்மா தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் இன்னொரு கை அவளைத் தோளுக்குக் கீழே ஆசையாய்ப் பிடித்திருந்தது. சபைக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

லென்ஸ் வழியே எனக்கு நகம் தெரிந்தது. தளர்ந்த சதையைக் கிள்ளி, திருகினான். அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்து சிரித்தாள். கைதட்டல். ரவிக்கைக் கைக்குக் கீழே பழைய கன்றல்கள், பச்சையும் மஞ்சளுமாக. தூரத்தில் நிற்பவளுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்திருக்கிறான், முட்டாள். பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

சாப்பாட்டு மேஜையில் கேமராவை எல்லோருக்கும் நடுவே வைத்துப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

அண்ணி எட்டிப் பார்த்தாள். "தூங்கி வழிஞ்சாங்க. எழுப்பிவிட்டாரு. இதுல என்ன?"

"நல்ல நாளும் அதுவுமா இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் மாமா.

அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, என் சித்தி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "அக்கா சிரிப்பு எவ்ளோ லட்சணமா விழுந்திருக்கு! அந்தக் கையை மட்டும் வெட்டிட்டா பிரேம் போட்டுடலாம்."

அண்ணன் தலை நிமிரவில்லை. மென்றுகொண்டே இருந்தான். த்தூ! இந்தக் கூட்டத்தோடா இத்தனை வருஷம் பந்தியில் உட்கார்ந்தேன்?

அம்மா முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். மறுபடியும் "எனக்கென்ன குறைச்சல்" என்று சொல்லப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பெட்டியெல்லாம் எடுக்க வேண்டாம்டி," என்றாள் என்னிடம். "இப்படியே கிளம்பிடலாமா?"