கிழக்கே நீட்டிய கால்கள்

...கால்கள் என் பங்கு, தலை மண்ணின் பங்கு என்று எப்படிப் பிரிப்பது, இந்தப் பழைய தேவாலயக் கல்லறையில் வெட்டும் கழிவுநீர்க் குழாய்க்கான பள்ளத்தின் விளிம்பு, எலும்புக்கூடாய்க் கிடக்கும் இவள் இடுப்புக்கு நேராகச் செல்கிறது, குழாய் சிதைக்கக்கூடியதை மட்டுமே எடுக்கலாம், மற்றதைத் தொடலாகாது. நல்ல விதிதான், உறங்குவோரை வீணே எழுப்பாதே என்னும் இரக்கம் அதில் உண்டு, ஆயினும் எழுநூறு ஆண்டுகள் ஒருத்தியாகக் கிடந்தவளை இன்று மாலைக்குள் இரு கூறாக்குவதா... அகழ்வின் பொறுப்பாளர் நைஜலிடம் காலையிலேயே மன்றாடினேன், பள்ளத்தைச் சற்று விலக்கச் சொல்லுங்கள் என்று. அவரும் குழாய் பதிப்பவர்களிடம் கேட்டுப் பார்த்தார். விலக்கினால் சரிவு கெட்டு நீர் தேங்குமாம். "ஹிலரி, நீ சர்ச்சுல பாடுறவதான், இல்லேங்கல. ஆனா சாக்கடை மேட்டுல ஏறணும்னு எந்தப் புனிதர்கிட்ட நேந்துக்கப் போற?" என்றார். சிரிப்பும் வந்தது, சினமும் வந்தது.

தூறலில் தூரிகை அவள் முழங்காலை அடைந்தபோது, அருகே அவளுடையவை அல்லாத எலும்புகள், வேறொருவரின் கால்கள், தொடை முதல் கணுக்கால் வரை... வேர் தள்ளியிருக்குமோ என்று முதலில் நினைத்தேன், வேர் இவ்வளவு ஒழுங்காக அடுக்குமா? இவளுக்குக் குழி வெட்டியவனின் மண்வெட்டி பழைய குழியொன்றில் இறங்கியிருக்கிறது. இடமில்லாத கல்லறை முற்றம், காத்திருக்கும் உறவினர், அன்றும் மழைதானோ, வெளியே எறிந்திருந்தால் யார் கேட்டிருப்பார்? அவனோ பொறுக்கியெடுத்து இவள் பக்கத்திலேயே கிடத்தியிருக்கிறான், அதுவும் கணுக்கால்கள் கிழக்கே! இறுதி நாளில் எழுவோர் உதயத்தை எதிர்கொள்ள வேண்டும் என்றல்லவா இங்கே எல்லோரையும் கால் கிழக்காகக் கிடத்தினார்கள். தலையிழந்த கால்களுக்கும் அந்த விடியல் உண்டு என்று நம்பிய பேரன்பன், பெயரறியாப் பெரியோன், நான் பாடிய கீர்த்தனைகள் எல்லாம் கூடியும் இவ்வளவு உறுதியாக எதையேனும் சொன்னதுண்டா...

எடுத்தேன், வேறென்ன செய்ய, முதலில் அந்தக் கால்களை, பிறகு இவளுடையவற்றை, இரண்டையும் தனித்தனிப் பைகளில் இட்டு ஒரே பெட்டியில் அருகருகே, கணுக்கால்கள் ஒரே முனையில் வரும்படி. தெருவில் நின்ற வண்டிக்குள் வைக்கையில் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் போலும். "பெட்டிக்கு எதுக்கு திசை? முதல் ரவுண்டானாவுலயே எல்லாம் மாறிடும்" என்றார் நைஜல். தெரியும் என்றேன். அவர் பெட்டியின் மறுமுனையைத் தாங்கிக்கொண்டார்.

"சரி, எந்தப் பக்கம், சொல்லு."

வானம் முழுதும் ஒரே சாம்பல், கதிரவன் எங்கோ... காலைமுதல் இவள் கால்களைப் பார்த்தே கிழக்கை அறிந்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.