மூடியின் உட்பக்கம்

வந்தவர்கள் இருவரும் ஜீப்பின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. டிங்கர் காலையிலிருந்து தவம் கிடந்ததே அதற்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் எழுந்து, பட்டறைத் தரையை இரண்டு தடவை கழுவிவிட்டு, ஸ்பானர்களை அளவு வாரியாக மாட்டி, பானெட்டில் எழுதிய பழைய ராணுவ எண்ணை ஈரத்துணியால் துடைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலுக்கும் பட்டறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். "பொண்ணு பாக்க வர்றாங்கன்னாகூட இவ்வளவு ஆட்டம் இருக்காது" என்று மனைவி சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்து மணி நேரம் பயணம் செய்து ஒரு தாயும் மகளும் இந்த ஜீப்பைப் பார்க்க வருகிறார்கள். தொலைபேசியில் மகள் பேசியபோது, "நேர்ல வந்து சொல்றேன் சார், அந்த வண்டி எங்க அப்பா ஓட்டினது" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து டிங்கருக்குத் தலைகால் புரியவில்லை.

தாய்க்கு எழுபதைத் தாண்டியிருக்கும். மகளுக்கே ஐம்பதை நெருங்குகிற வயது, காதோரம் நரைத்திருந்தது. தாய் ஜீப்பின் விளிம்பில் கையை வைத்தபடி, இருட்டில் சுவரைப் பிடித்து நடப்பதுபோல ஓரமாகவே நடந்து இடது பக்கம் போனார். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கு எதிரே டேஷ்போர்டில் ஒரு சிறிய இரும்புப் பெட்டி இருந்தது. அதன் மூடிமேல் விரலை வைத்தார்.

"இதைத் திறக்கலாமா தம்பி?"

"தாராளமா!" என்று டிங்கர் ஓடிவந்து திறந்தார். மூடி சத்தமில்லாமல் இறங்கியது. அதன் உட்பக்கம் ஒரு சொட்டை, ஒரு கீறல் இல்லாமல் பச்சை வண்ணத்தில் வழவழவென்று இருந்தது. "உள்பக்கத்தை யாரும்மா பாக்கப் போறாங்க? ஆனா நம்ம கை அதுக்கு ஒண்ணு இதுக்கு ஒண்ணுன்னு வேலை செய்யாது" என்றார்.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு உள்ளங்கையை முழுவதுமாக விரித்து மூடிமேல் வைத்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவினார்.

"ஒண்ணுமில்லடி" என்றார் மகளிடம்.

மகள்தான் சொன்னாள். சுற்றி வளைக்காமல், பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்ததுபோலச் சொன்னாள். அவள் பிறந்தபோது அப்பா சண்டை நடக்கிற இடத்தில் இருந்தார். ராணுவத்தில் டிரைவர். பிறந்த எட்டாம் நாள் அம்மா கடிதம் எழுதினாள், பெண் பிறந்திருக்கிறாள், இன்ன பெயர் வைத்திருக்கிறோம் என்று. அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் தந்தி வந்தது. பிறகு பெட்டி வந்தது. பெட்டியில் அப்பாவின் சட்டைகள் இருந்தன, சவரப் பெட்டி இருந்தது, கல்யாணத்துக்கு எடுத்த படம் இருந்தது. அம்மாவின் அந்தக் கடிதம் இல்லை. கிடைத்ததா, வழியில் தொலைந்ததா என்று சொல்ல ஆளில்லை. இரண்டு வருஷம் கழித்து, கூட இருந்த சிப்பாய் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். "கடிதம் வந்துச்சும்மா. அன்னைக்கே ஸ்குரூ டிரைவரை எடுத்து ஜீப்புப் பெட்டி மூடிக்குள்ள பாப்பா பேரைக் கீறி வெச்சான். ஒவ்வொருத்தனையும் இழுத்துட்டு வந்து காட்டினான்" என்றார். அவர் போனதும் பெரியப்பா, "ஆறுதலுக்குச் சொல்றதுதானே இதெல்லாம்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

"அம்மாகிட்ட அப்பா பானெட்டு மேல உக்காந்திருக்கிற படம் ஒண்ணு இருக்கு சார். அதுல நம்பர் தெரியும். எந்தப் பழைய வண்டியைப் பாத்தாலும் அந்த நம்பரான்னு பாப்பேன். போன மாசம் போன்ல உங்க வண்டி படம் வந்துச்சு."

மனைவியின் தம்பி எடுத்துப் போட்ட படம் அது. டிங்கர் தலையை ஆட்டினார். ஆட்டியது அவருக்கே தெரியவில்லை. மூடியில் கீறல் இருந்தது. அவர் பார்த்திருக்கிறார்.

அவருடைய முப்பத்தைந்து வருஷத் தொழிலே அதுதான். இடிபட்டு வருகிற வண்டி, இடிபட்ட சுவடே இல்லாமல் வெளியே போக வேண்டும். சொட்டையைத் தட்டி எடுப்பார், பட்டிப் பசை வைத்துப் பள்ளத்தை நிரப்புவார், தேய்ப்பார், மறுபடி நிரப்புவார். கண்ணை மூடிக்கொண்டு தடவினால்கூட விரலுக்கு எதுவும் தட்டக் கூடாது. ஊரார் வண்டிகளுக்கெல்லாம் இப்படி உழைத்துவிட்டு, கடைசியில் தனக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஏலத்துக்கு வந்த பழைய பொருள்களுக்கு நடுவில் ஓட்டை உடைசலாகக் கிடந்த இந்த ஜீப்பைக் கட்டி இழுத்துவந்தார். அதற்கு இடம் வேண்டுமே. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் கொடி போயிற்று, துவைக்கிற கல் போயிற்று. தகரக் கூரை வந்தது. குறுக்கே ஒரு பழைய தண்டவாளத் துண்டைப் போட்டு, எஞ்சினைத் தூக்க அதில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டார். வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்ய இடுப்பளவு குழி தோண்டினார். சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் ஆணி அடித்து, அதைச் சுற்றி வெள்ளை வண்ணத்தில் அதன் உருவத்தை வரைந்தார், எடுத்தது எது என்று பார்த்தவுடன் தெரிவதற்காக. இதற்கே எட்டு மாதம் ஆயிற்று. மனைவி ஜீப்புக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தாள். சொன்னவளே பிறகு தன் தையல் மெஷினில் தடித்த கித்தானைப் போட்டு அதற்குக் கூரைத்துணி தைத்தாள். "சக்களத்திக்கு நானே உக்காந்து ரவிக்கை தைக்கிறேன், இந்தக் கூத்து எங்கயாவது உண்டா?" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள்.

பானெட்டின் எண்ணைத் தேடிய இரண்டு நாட்களை டிங்கர் யாரிடமும் பத்துத் தடவையாவது சொல்லாமல் விட்டதில்லை. கடைசியாக வைத்திருந்தவன் அடித்த மஞ்சள், அதற்கு முந்தையவனின் நீலம், அதன் கீழ் ஏதோ சாம்பல். வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து நனைத்து, ஒரு வில்லை அளவு இடத்தை ஒரு மணி நேரம் தேய்த்து, ஒவ்வொரு வண்ணமாக விலக்கி, ராணுவப் பச்சையில் வெள்ளை எண் தலைகாட்டியபோது அவர் குழந்தைமாதிரிக் கத்தினார். அவ்வளவு பொறுமை அந்த எண்ணுக்கு. ஆனால் பெட்டி மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த அன்று அவருக்கு அது வெறும் மூடிதான். துருவும் கீறலுமாக ஒரு மூடி.

இன்னொன்றும் இப்போது நினைவுக்கு வந்தது, வந்திருக்க வேண்டாம். அன்று மனைவி டீ கொண்டுவந்தவள் குனிந்து பார்த்து, "ஏதோ எழுதின மாதிரி இருக்குங்க" என்றாள். "எவனாவது வேலைவெட்டி இல்லாதவன் கிறுக்கியிருப்பான்" என்று சொல்லிவிட்டு அவர் பட்டியைக் குழைத்தார்.

பட்டறை வாசலில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. மனைவி டீத்தட்டோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஞாபகம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. தட்டைப் பணிமேசைமேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"நான்தாம்மா அழிச்சேன்" என்றார் டிங்கர். "கீறல் இருந்துச்சு. பட்டி வெச்சு மூடிட்டேன்."

திட்டுவார்கள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். மகள் சுவரில் சாய்ந்தாள்.

"அப்போ, ஏதோ இருந்துச்சா?" என்று கேட்டார் அந்த அம்மா. "எழுத்தா தம்பி? எழுத்துதானா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல். 'பேர்தாம்மா, நல்லாப் படிச்சேன்' என்றால் இவர்கள் இருவரும் அழுதுவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, நிம்மதியாக ஊர் போய்ச் சேர்வார்கள். அவர் வாயைத் திறந்தும்விட்டார். ஆனால் இந்த அம்மாவுக்கு ஏற்கெனவே ஒருவர் இப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது நிஜமா ஆறுதலா என்று தெரியாமலேயே ஒரு பெண்பிள்ளையை வளர்த்து, அந்தப் பெண்ணுக்கும் தலை நரைத்துவிட்டது. இன்னொன்றையும் அதன்மேல் ஏற்ற டிங்கருக்கு மனம் வரவில்லை.

"தெரியலம்மா. நான் படிச்சுப் பாக்கல" என்றார். சொன்னபோது அவமானத்தில் காது எரிந்தது.

பிறகு அவருக்குத் தொழில் கைகொடுத்தது. மூடியில் நான்கு ஸ்குரூக்கள். கழற்றிக்கொண்டே பேசினார், பேசாமல் இருக்க முடியவில்லை. "கீறல் இரும்புல ஆழமா விழுந்திருந்தா, நான் வெச்ச பட்டி அந்தப் பள்ளத்துக்குள்ள போய் உக்காந்திருக்கும். மேல இருக்கிற பெயிண்டைப் பக்குவமா எடுத்தா இரும்பு தெரியும், கீறின இடத்துல மட்டும் பட்டி கோடு கோடாத் தெரியும். ஆனா பட்டி வெக்கிறதுக்கு முன்னாடி கிரைண்டர் போட்டு ராவியிருந்தேன்னா..." நிறுத்தினார். எப்போதும் கிரைண்டர் போட்டுத்தான் ராவுவார். கீறலெல்லாம் போய் இரும்பு பளிச்சென்று ஆகும்வரை. அவர் கை அப்படிப் பழகிய கை. அந்த மூடிக்குப் போட்டாரா? எவ்வளவு யோசித்தாலும் நினைவு வரவில்லை.

"போடலை" என்றாள் மனைவி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"பக்கத்து வீட்டுல பச்சப்புள்ளையைத் தூக்கிட்டு வந்த வாரம் அது. புள்ளை தூங்குது, மெஷினைப் போட்டா நடக்கிறதே வேறன்னு நான்தான் வயரைப் பிடுங்கிக் கொண்டுபோய் அரிசி டின்னுக்குள்ள வெச்சேன். நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு கையாலேயே தேச்சீங்க. அதுல ஒரு நாள்தான் இந்த மூடி." அவள் அவரைப் பார்த்தாள். "நல்லா ஞாபகம் இருக்கு எனக்கு."

டிங்கருக்கு, வயருக்காக அன்று அவளிடம் என்னென்ன பேசினார் என்பதும் நினைவு வந்தது. ஒரு வாளியில் தண்ணீர் எடுத்தார். மூடியை மேசைமேல் மல்லாக்க வைத்து, இருப்பதிலேயே நைசான வாட்டர் பேப்பரை நனைத்துக் கட்டைவிரல் அளவுக்கு மடித்தார்.

"வேணாம் தம்பி" என்றார் அந்த அம்மா.

அவர் கை அந்தரத்தில் நின்றது.

"இத்தனை நாளும் தெரியாமத்தானே இருந்தேன். அதுலயே ஒரு மாதிரி இருந்து பழகிட்டேன். இப்ப நீங்க தேச்சு, ஒண்ணுமில்லேன்னு ஆயிடுச்சுன்னா? அவரு இவ பொறந்ததே தெரியாமப் போயிட்டார்னு ஆயிடுமே. அப்புறம் நான் எதை வெச்சுக்கிட்டு இருக்கிறது?"

"எனக்குத் தெரியணும்மா" என்றாள் மகள். சத்தமாகச் சொல்லவில்லை. "நான் ஒருத்தி இருக்கேன்னு அவருக்குத் தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியணும்."

தாய் ஸ்டூலோடு திரும்பி, கருவிகள் மாட்டியிருந்த சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மனைவி போய் அவருடைய தோளில் கை வைத்து நின்றாள். டிங்கர் மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

தேய்த்தார். முதலில் பச்சைத் தண்ணீர் ஓடியது. பிறகு பிரைமரின் செங்கல் நிறம். அவருடைய வாழ்க்கையில் இவ்வளவு பயந்து பயந்து எதையும் தேய்த்ததில்லை. சொந்த வேலையை, தானே மெச்சிக்கொண்ட வேலையை, அடுக்கடுக்காகக் கெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பொட்டு அளவுக்கு இரும்பு தெரிந்தது. அதில் எதுவும் இல்லை. அடுத்த பொட்டு. அங்கே பட்டி புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. "இது துரு" என்றார் தனக்குத்தானே. "துரு குழி குழியாத்தான் திங்கும்." இன்னும் கொஞ்சம் இடது பக்கமாகப் போனார்.

அங்கே முடி கனத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு கோடு வந்தது. ஒரு விரல் அகலத்துக்கு நேராக இருந்தது. மகள் மூச்சை உள்ளே இழுத்தாள்.

"அவசரப்படாதீங்கம்மா. உள்ள கிடந்த கல்லு, ஆணி எது உரசியிருந்தாலும் இப்படி நேராக் கோடு விழும்" என்றார் டிங்கர். "கல்லு சுழிக்காது. சுழிச்சாத்தான் அது கை."

காகிதத்தை மறுபடி நனைத்தார். கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். நுனி முடியவில்லை, நீண்டது. முழங்கையிலிருந்து பச்சையும் செம்மையும் கலந்த தண்ணீர் இஸ்திரி போட்ட சட்டையில் சொட்டியது. அவர் இன்னும் நான்கு இழுப்பு இழுத்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். காகிதம் வாளிக்குள் விழுந்தது, அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா, சுவரைப் பார்த்தபடியே. அவருக்கு எதிரே, டிங்கர் எடுத்த ஸ்குரூ டிரைவரின் வெள்ளைக் கோட்டு உருவம் மட்டும் ஆணிக்குக் கீழே இருந்தது. "யாராவது சொல்லுங்களேன்."

மகள் முந்தானையால் மூடியில் நின்ற தண்ணீரை ஒற்றி எடுத்தாள். ஆள்காட்டி விரலைக் கோட்டின் தொடக்கத்தில் வைத்தாள். விரல் கோட்டோடு மெதுவாகக் கீழே இறங்கியது. கோடு திரும்பிய இடத்தில் விரலும் திரும்பி, சின்னதாக ஒரு சுழி சுழித்து நின்றது.