பக்கத்து வீட்டுக் குளத்தில் பாசி

குளம் ஒன்பதாம் நாள்தான் பச்சையானது. அதற்கு முந்திய எட்டு நாளும் அரியரத்தினம் காலையில் எழும்பியதும் வேலிக் கதவைத் திறந்து பக்கத்து வீட்டுப் பின்வளவுக்குப் போய், தண்ணீரை எட்டிப் பார்த்து, கொஞ்சம் கலங்கலாய் இருக்கிறது, வேறொன்றுமில்லை என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு திரும்பினார். ஒன்பதாம் நாள் தேற்ற வழியில்லாமல் போயிற்று. அடியில் கிடந்த கூழாங்கல் எதுவும் தெரியவில்லை. முருங்கையிலையை அரைத்துக் கரைத்து ஊற்றிய மாதிரி இருந்தது தண்ணீர்.

அந்தக் குளம் ஸ்ரீகாந்தும் கல்யாணியும் வெட்டியது. கோயம்புத்தூரிலிருந்து வந்த பிள்ளைகள், புருசன் பெண்சாதி இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை. லொக்டவுனில் வேறு வேலையில்லாமல் மண்வெட்டி எடுத்தவர்கள், ஓரத்தில் கல் அடுக்கி, பம்ப் பூட்டி, சின்னதாய் ஓர் அருவியும் விழச் செய்து, கோய் என்கிற வண்ண மீன்கள் ஐந்தையும் வாங்கி விட்டார்கள். கல்யாணி வேலையால் வந்தால் கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல் முதலில் குளத்தடிக்குத்தான் போவாள். டிசம்பர் நடுவில் ஏழு வாரம் ஊருக்குப் போகும்போது சாவியை அரியரத்தினத்தின் கையில் கொடுத்து, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

"அங்கிள், ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கரண்டி சாப்பாடு போதும். வேற எதுவும் உள்ள போட்டுடாதீங்க. தண்ணி கெட்டுச்சுன்னா மீன் தாங்காது."

"நான் பாக்கிறன் பிள்ளை. நீங்கள் யோசிக்காமல் போயிட்டு வாங்கோ" என்றார் அரியரத்தினம். பென்டில் ஹில்லில் அந்தத் தெருவில் பதினெட்டு வருடமாக இருப்பவர். யார் வெளியூர் போனாலும் சாவி அவரிடம்தான் வரும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெருமையெல்லாம் ஜனவரி முதல் ஞாயிறு வரைக்கும்தான். அன்று அவருடைய அம்மாவுக்கு வருடம் திரும்பும் ஆட்டைத் திவசம். குருக்கள் காலை ஒன்பதுக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவி விமலாதேவி விடியற்புறம் நாலு மணிக்குக் குசினிக்குள் போனவர், பன்னிரண்டு வகை கறி சமைத்து முடித்துத்தான் வெளியே வந்தார். எள்ளும் பாலும் தேனும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மூன்று சோற்றுப் பிண்டங்களை ஓர் அலுமினியத் தட்டில் வைத்து, குருக்கள் அரியரத்தினத்தின் கையில் கொடுத்தார்.

"ஓடுற தண்ணியிலை கரைச்சு விடுங்கோ. பரமட்டா ஆறு கிட்டத்தானே" என்றார்.

கிட்டத்தான். ஞாயிற்றுக்கிழமையில் காரில் பத்து நிமிடம். வந்தவர்கள் சாப்பிட்டு எழும்ப இரண்டு மணியாகிவிட்டது. இரண்டரைக்கு டிவியில் மட்ச். அரியரத்தினம் தட்டைப் பக்கத்துச் சீட்டில் வைத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனது உண்மை. சிவப்பு விளக்கில் நின்றார். ஆற்றடியில் பார்க்கிங் தேட வேண்டும், பிறகு கரையில் இறங்க வேண்டும், வெள்ளைக்காரர்கள் நின்று பார்ப்பார்கள், திரும்பி வர முதல் பத்து ஓவரும் போய்விடும் என்று கணக்குப் போட்டார். விளக்குப் பச்சையானதும் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

விமலாதேவி களைத்துப்போய்ப் படுத்திருந்தார். அரியரத்தினம் சத்தமில்லாமல் வேலிக் கதவால் உள்ளே போனார். கல்லிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. இதுவும் ஓடுற தண்ணிதானே என்று அவருடைய மனம் சட்டம் பேசியது. வழக்கறிஞருக்குப் படித்திருக்க வேண்டிய மனிதர், பஸ் ஓட்டியே காலத்தைக் கழித்துவிட்டார்! மூன்று பிண்டத்தையும் பம்ப் பக்க மூலையில் உதிர்த்துப் போட்டார். தட்டில் கூட வைத்திருந்த படையல் இலையில் மிஞ்சியதையும் சேர்த்துக் கொட்டினார். மீன்கள் ஐந்தும் ஓடி வந்து கொத்தின. அம்மா ஏற்றுக்கொண்டுவிட்டா என்று கூட நினைத்தார். நினைத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினார், டாஸ் போட்டாயிற்று.

"கரைச்சுப்போட்டு வந்திட்டீங்களே?" என்று விமலாதேவி பின்னேரம் கேட்டார்.

"ஓம்."

"ஆத்தடியிலை சனமோ?"

"பெரிசாய் இல்லை" என்றார், கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல்.

ஜனவரி இங்கே உச்சக் கோடை; அந்த வாரம் முழுவதும் முப்பத்தைந்துக்குக் குறையாத வெயில். சோறும் நெய்யும் பாலும் அந்தச் சூட்டில் என்ன செய்யுமோ அதைச் செய்தன. ஃபில்டருக்குள் சோறு போய் அடைத்து அருவி நூலாய் மெலிந்தது. பத்தாம் நாள் கல்லெல்லாம் பச்சை மயிர் முளைத்தது. அரியரத்தினம் சல்லடையால் அள்ளினார், கையால் உரித்தார், துடைப்பத்தால் தேய்த்தார். காலையில் அள்ளியது பின்னேரம் திரும்ப வந்து நின்றது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த வாடை போகவில்லை. அது பாசி வாடைதானா, வேறேதுமா என்று அவருக்குச் சந்தேகம். அம்மாவுக்கென்று பிசைந்த சோறு அங்கே அழுகிக் கிடக்கிறது என்ற நினைப்பு வரும்போதெல்லாம் திரும்பப் போய்க் கையைக் கழுவினார்.

கல்யாணி கோயம்புத்தூரிலிருந்து படம் கேட்டாள். அவர் டிசம்பரில் எடுத்த பழைய படத்தை அனுப்பினார். அடுத்த வாரமும் கேட்டாள். அதே நாளில் வேறு பக்கத்தால் எடுத்த படம் ஒன்று இருந்தது, அதை அனுப்பினார். "சூப்பர் அங்கிள், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது. மூன்றாம் முறை அவள் வீடியோ கேட்டாள். சனிக்கிழமை எடுத்து அனுப்புகிறேன் என்று எழுதிவிட்டு, கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். ஆற்றுக்குப் போக இல்லாத நேரம் இதற்கு இருந்தது.

பாசி மருந்துப் போத்தலில் எழுத்து எறும்பளவு. கண்ணாடி வீட்டில். மூடிக் கணக்கில் ஊற்றுவதெல்லாம் பயந்தவர்கள் செய்கிற வேலை என்று நினைத்து அரைப் போத்தலைக் கவிழ்த்தார். சும்மா சொல்லக்கூடாது, மருந்து வேலை செய்தது. இரண்டே நாளில் பச்சை வெளிறி, பழுப்பாகி, அடியில் போய்ப் படிந்தது. அவருக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அன்றிரவு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மூன்று ஏற்கெனவே பக்கவாட்டில் மிதந்தன. ஓடிப்போய்க் கண்ணாடியை எடுத்து வந்து போத்தலைப் படித்தார். பாசி முழுவதையும் ஒரேயடியாய்க் கொன்றால், செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் இருக்கிற காற்றையெல்லாம் தின்றுவிடும், ஆகவே முதலில் பாதி மருந்து, ஒரு வாரம் கழித்து மீதி என்று தெளிவாய்ப் போட்டிருந்தது. அறுபத்திமூன்று வயது மனிதர் குளத்தங்கரையில் குந்தியிருந்து அழுதார். பிறகு ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, அருவியை முழு வேகத்தில் விட்டு, மிஞ்சிய இரண்டையும் எப்படியோ காப்பாற்றினார். செத்த மூன்றையும் தன் வளவில் கறிவேப்பிலை மரத்தடியில் தாட்டார்.

வீடியோவுக்குப் பதிலாக அவரே தொலைபேசி எடுத்தார். "வெயில் பிள்ளை. நாற்பது மட்டிலை அடிச்சது. மூண்டு போயிட்டுது" என்றார். கல்யாணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க என்ன அங்கிள் பண்ணுவீங்க? இவர்கிட்ட நிழல்வலை கட்டுங்க, கட்டுங்கன்னு நவம்பர்லேர்ந்து தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா?" என்றாள். பின்னால் ஸ்ரீகாந்தின் குரல் கேட்டது. "சாரிம்மா, என் தப்புதான்."

அந்தக் குரல்தான் அரியரத்தினத்தைத் தூங்கவிடவில்லை. செய்யாத பிழைக்கு ஒருவன் மன்னிப்புக் கேட்கிறான், செய்தவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

பெப்ரவரியில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். கல்யாணி அவருக்கு வேட்டியும் விமலாதேவிக்குச் சேலையும் கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்க இல்லேன்னா அஞ்சும் போயிருக்கும்" என்றாள். அவர் வேட்டியைக் கதிரையில் வைத்துவிட்டு அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்தார். முதல் சனிக்கிழமையே ஸ்ரீகாந்த் ஏணியைச் சாத்தி நிழல்வலை கட்டத் தொடங்கினான். கல்யாணி கடைக்குப் போயிருந்தாள். அரியரத்தினம் கேட்காமலே போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வாரமாத் திட்டு வாங்கறேன் அங்கிள்" என்று மேலே நின்று சிரித்தான் ஸ்ரீகாந்த். "நேத்து ராத்திரி கூட அழுதா. அவ சொல்றதும் நியாயம்தான். ஒரு வலை கட்டறதுக்கு எனக்கு மூணு மாசம்."

இப்போது சொல்லாவிட்டால் செத்தாலும் சொல்லமாட்டேன் என்று அரியரத்தினத்துக்குத் தோன்றியது.

"தம்பி, வெயிலாலை இல்லை. நான்தான்."

ஸ்ரீகாந்த் கீழே குனிந்து பார்த்தான். அவர் நிமிரவில்லை. மருந்து, அதற்கு முன் பாசி, அதற்கு முன் சோறு என்று பின்னுக்கிருந்து முன்னுக்குச் சொல்லிக்கொண்டு போனார். பழைய படம் அனுப்பியதையும் சொன்னார்.

"அம்மான்ரை பிண்டம் தம்பி. ஆத்திலை போடச் சொன்னதைக் கொண்டுவந்து உங்கடை குளத்திலை போட்டனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கல்யாணி வந்ததும் அந்தப் பிள்ளையிட்டையும் நானே சொல்லுறன்."

ஸ்ரீகாந்தின் முகம் சுருங்கியது. இரண்டு வாரத் திட்டும் அதில் தெரிந்தது. ஏதோ கடுமையாய்ச் சொல்ல வாயெடுத்தவன், அடக்கிக்கொண்டு, உண்மையாகவே விளங்காதவனாய்க் கேட்டான்.

"மீனை விடுங்க அங்கிள். ஆத்துக்குப் பத்து நிமிஷம்தானே? ஏன் போகல?"

பஸ் டூட்டி, கால்வலி, பார்க்கிங் என்று மூன்று பொய் நாக்கு நுனியில் தயாராய் நின்றன. அரியரத்தினம் அவற்றில் ஒன்றையும் எடுக்கவில்லை.

"மட்ச் இருந்தது" என்றார்.

வேலிக் கதவடியில் கோப்பை கிலுங்கிய சத்தம் கேட்டது. விமலாதேவி தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாய் நிற்கிறார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை, முகத்திலேயே இருந்தது.

"மாமி படுக்கையிலை கிடந்த மூண்டு வருசமும் நான்தான் சோறு தீத்தினனான்" என்றார் விமலாதேவி. குரல் உயரவில்லை. "ஒருநாளும் உங்களைக் கூப்பிடேல்லை. உங்கடை கையாலை குடுக்க இருந்தது அந்த ஒரு வாய்தான்."

அவர் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

விமலாதேவி தட்டைக் கல்லில் வைத்தார். "எவடத்திலை போட்டனீங்கள்?"

அரியரத்தினம் பம்ப் பக்க மூலையைக் காட்டினார். விமலாதேவி செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய் நின்று, இன்னும் பச்சை விட்டுப்போகாத தண்ணீரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மாமி, கோவிக்காதேங்கோ. தெரியாமல் போச்சு. பசியோடை போயிடாதேங்கோ."

ஏணியில் நின்ற ஸ்ரீகாந்த் இறங்கி வந்து, தானும் சப்பாத்தைக் கழற்றினான். யாரோ ஒருவருடைய அம்மாவுக்காக, மீனைப் பறிகொடுத்தவன் கைகட்டி நின்றான்.

அரியரத்தினம் ஏணியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். மேலே ஆளில்லாத ஏணி. மீனுக்கு அழுதாயிற்று, ஸ்ரீகாந்திடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, கல்யாணியிடம் கேட்பதற்கு வசனம் கூடத் தயாராக இருந்தது. இந்த ஐந்து வாரத்தில் ஒரு தடவையாவது அம்மாவிடம் கேட்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவே இல்லை. மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள், அயலான் நின்று கேட்கிறான், பெற்ற மகன் மட்டும் ஏணியடியில் தள்ளி நிற்கிறான்.

"அம்மா" என்று வாய் திறந்தார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு வரவில்லை.