ஆறு அத்தியாயம் படித்தவள்

மணி ஒன்று நாற்பது. இந்த வீட்டில் இப்போது விழித்திருப்பது நான் மட்டும்தான். அம்மா காலையில் ஆறரைக்குக் கிளம்பிவிடுவாள். அதற்குள் நான் ஒன்று செய்ய வேண்டும், இல்லை ஒன்றுமே செய்யாமல் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் நாற்காலி சத்தம் போட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அம்மா ஷூ செய்பவள். கடையில் விற்கிற ஷூ இல்லை. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக இருப்பவர்களுக்கு, அந்தக் காலுக்கான ஷூவின் அடியில் கார்க் வைத்து உயர்த்தி, நடக்கும்போது இடுப்பு கோணாதபடி செய்து கொடுப்பாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பட்டறையில் பதினோரு வருடம் அதைத்தான் செய்தாள். அங்கே புதிதாக வந்த மேற்பார்வையாளர், இனிமேல் எல்லோருக்கும் இரண்டே அளவில் கார்க் வெட்டினால் போதும், வேலை சீக்கிரம் முடியும் என்றார். "காலுக்குத் தக்க செருப்பா சார், செருப்புக்குத் தக்க காலா?" என்று கேட்டுவிட்டு அம்மா வேலையை விட்டுவிட்டாள். "போன வேகத்துல திரும்பி வருவே, பாரு" என்றாராம் அவர்.

நாளைக்குத் திரும்பிப் போகிறாள். அவர் முன்னால் நின்று, தப்புதான், மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல. வீட்டின் பின்னறையில் சொந்தமாகத் தொழில் தொடங்கி இருபத்திரண்டு நாள் ஆகியும் ஒருவர்கூட ஷூ கேட்டு எழுதவில்லை என்பதுதான் காரணம்.

எழுதியிருக்கிறார்கள். பத்தொன்பது பேர். அது எனக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் தெரிந்தது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

வெப்சைட் என் யோசனை. "இப்பல்லாம் வெப்சைட் இல்லாம யாரும் வரமாட்டாங்கம்மா, நான் பண்ணித் தரேன்" என்று வாயைக் கொடுத்தேன். அப்போது எனக்கு அதில் அ, ஆ கூடத் தெரியாது. நூலகத்தில் ஒரு தட்டு முழுக்க அதற்கான புத்தகங்கள் இருந்தன. ஒன்றுமே தெரியாதவர்களுக்கு, ஏழே நாளில், வேலைக்குப் போகிறவர்களுக்கு, வேலைக்குப் போகாதவர்களுக்கு. நான்கை எடுத்து வந்தேன். எல்லாவற்றிலும் முதல் அத்தியாயம் இன்டர்நெட்டின் வரலாறு. எல்லாவற்றிலும் பயிற்சிக்கு ஒரு கேக் கடை. கேக் விற்பவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் வெப்சைட் வேண்டாம் போலிருக்கிறது. மூன்று புத்தகங்கள் பழைய பதிப்பு. படத்தில் இருக்கும் பட்டன் என் திரையில் இல்லை. நாலாவது மட்டும் ஒத்துப்போனது.

அது சொன்னதை எல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். "இங்கே அழுத்தவும்" என்றால் அழுத்தினேன். வீட்டு ஃபோன் நம்பரை வெளியே போடாதீர்கள், அதற்குப் பதில் வருகிறவர்கள் எழுதி அனுப்ப ஒரு தொடர்புப் படிவம் வையுங்கள் என்றது ஐந்தாம் அத்தியாயம். வைத்தேன். கேக் இருந்த இடத்தில் அம்மாவின் ஷூக்களைப் போட்டேன். ஆறாம் அத்தியாயத்தின் கடைசியில் ஒரு கட்டம் கட்டி எழுதியிருந்தது: 'வாழ்த்துகள். உங்கள் வெப்சைட் இப்போது உலகத்தின் கண்முன்.'

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். வாழ்த்தே சொல்லிவிட்டார்கள், அப்புறம் என்ன? மிச்சம் நாலு அத்தியாயமும் அலங்காரம்தான் என்று நினைத்தேன். "மொத்தம் பத்து இருக்கே" என்றான் அண்ணன். "அதெல்லாம் தெரியாதவங்களுக்கு" என்றேன். அன்றிலிருந்து அவனுக்கு நான் 'ஆறு அத்தியாயம்'.

அம்மா வெப்சைட் முகவரியைத் துண்டுக் காகிதங்களில் எழுதி, நடைப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் டாக்டர்களின் அறை வாசல்களில் ஒட்டிவிட்டு வந்தாள். பிறகு தினமும் சாப்பிடும்போது கேட்பாள். "யாராச்சும்?" நான் மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு, "இல்லம்மா" என்பேன். பதினைந்தாவது நாளுக்கு மேல் அவள் வாயால் கேட்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

நாளை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பென்சில் கிறுக்கல் இருந்தால் அழிக்கலாம் என்று இன்று ராத்திரி பக்கங்களைப் புரட்டினேன். ஏழாம் அத்தியாயம், இரண்டாம் பக்கம். படிவத்தில் எழுதப்படும் செய்திகள் தானாக மெயிலுக்கு வராது. அறிவிப்பு என்ற பட்டனை இயக்கினால்தான் வரும். அதுவரை எல்லாம் உள்ளே ஒரு பெட்டியில் தங்கும்.

பெட்டியைத் திறந்தேன்.

முதல் செய்தி, வெப்சைட் போட்ட இரண்டாம் நாளே வந்திருக்கிறது. ஒரு தையல்காரர், மிஷினை மிதித்தால் இடுப்பு வலிக்கிறது என்று எழுதியிருக்கிறார். ஆறாவது ஒரு அப்பா. 'என் மகளுக்கு எட்டு வயது. பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருக்கிறது. இரண்டு ஷூவும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும் என்கிறாள். முடியுமா?' நாலு நாள் கழித்து அவரே மறுபடி எழுதியிருக்கிறார். 'முடியாது என்றாலும் சொல்லிவிடுங்கள்.' பள்ளி திறந்து ஒன்பது நாள் ஆகிறது.

பெட்டியின் மேல் மூலையில் ஒரு பட்டன் இருக்கிறது. அனைத்தையும் நீக்கு. அதை அழுத்தினால் எல்லாம் போய்விடும். அம்மா காலையில் போவாள், வேலை கிடைக்கும், மாதம் பிறந்தால் சம்பளம் வரும். யாருக்கும் எதுவும் தெரியாது. அரை மணி நேரமாக என் விரல் அதன் மேல்தான் இருக்கிறது.

இப்போது மூன்றேகால். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மணிக்கு அண்ணன் வந்தான். பார்சல் கிடங்கில் இரவு ஷிஃப்ட். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே நுழைந்தவன், என்னைப் பார்த்து நின்றான்.

"என்ன மேடம், இன்னும் தூங்கலையா? கேக் கடைக்கு ஆர்டர் வந்துடுச்சா?"

நான் திரையை அவன் பக்கம் திருப்பினேன். கீழே வரை படித்தான். சிரிப்பு போய்விட்டது.

"இதெல்லாம் எப்ப வந்தது?"

"முதல்லேருந்தே."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"நீக்கிடலாம்னு நினைக்கிறேன்ணா."

அவன் ஷூவைக் கீழே வைத்தான். "நீக்கிட்டு? அந்த ஆளு முன்னாடி அம்மா கையக் கட்டிட்டு நிப்பாங்க. நீ இங்க நிம்மதியா சாப்பிடுவியா?"

"கொன்னுடுவாங்கண்ணா."

"கொல்லட்டும். எழுந்திரு."

"நீ சொல்றியா?"

"நானா ஆறு அத்தியாயம் படிச்சேன்?"

அம்மாவை எழுப்ப வேண்டிய வேலையே இருக்கவில்லை. பின்னறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா நாளைக்குக் கட்ட வேண்டிய சேலையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, தான் மாதிரிக்குச் செய்து வைத்திருந்த ஷூ ஒன்றின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நான் லேப்டாப்பை அவள் மடியில் வைத்தேன். "அம்மா, வந்திருக்கு. நான்தான் பாக்கல" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றாகப் படித்தாள். நான் சுவரோடு சுவராக நின்றேன். ஆறாவதில் நின்றுவிட்டாள்.

"எந்தக் கால்னு எழுதலையே."

"ஃபார்ம்ல அதுக்கு இடம் வைக்கலம்மா. பேரு, மெயில், செய்தி. கேக் கடைக்கு அது போதும்."

வாசலில் நின்ற அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டான். அம்மா சிரிக்கவில்லை.

"தினமும் கேட்டேனேடி."

"மெயில்ல பாத்தேன்மா. சத்தியமா பாத்தேன்."

"இருபத்திரண்டு நாளா நான் என் கையச் சந்தேகப்பட்டேன். தையல் கோணலா, வேலை மறந்துபோச்சா, அந்த ஆள் சொன்னதுதான் சரியான்னு." அவள் குரல் உயரவே இல்லை. ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

கடைசிச் செய்தி வரை படித்துவிட்டு, மறுபடி மேலே போனாள். அண்ணன்தான் கேட்டான். "காலையில போறியாம்மா?"

"யாரும் கேக்கலைன்னுதானேடா போறேன்னேன். பத்தொன்பது பேர் கேட்டிருக்காங்க. இதுல பாதிப் பேர் இந்நேரம் வேற எங்கயாவது போயிருப்பாங்க. போகட்டும். கேட்டாங்க இல்ல?" சேலையை மடித்துத் தள்ளி வைத்தாள். "போகல. அடுத்த மாசத்தப் பத்தி அடுத்த மாசம் பயந்துக்கலாம்."

பிறகு என்னைப் பார்த்தாள். "உக்காரு. எல்லாருக்கும் எழுது. தனித்தனியா."

"இப்பவாம்மா? எல்லாரும் தூங்குவாங்க."

"அவங்க எழுதினப்ப நீ தூங்கின. இப்ப முழிச்சிருந்து எழுது. அந்தக் குழந்தையோட அப்பாவுக்கு முதல்ல."

'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று தொடங்கினேன். அம்மா தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருடி அது, கோளாறு? நம்ம வீட்ல அப்படி யாரும் இல்லையே."

அழித்துவிட்டு எழுதினேன். 'ஐயா, ஷூ செய்பவர் உங்கள் செய்தியைப் பார்க்கவே இல்லை. வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது அவருடைய மகளாகிய நான். செய்திகள் எங்கே வரும் என்று நான் கற்றுக்கொள்ளவில்லை. பள்ளி திறந்துவிட்டது என்று தெரியும். மன்னியுங்கள்.' மன்னியுங்கள் என்பதை மூன்று தரம் திருத்தி அடிக்க வேண்டியிருந்தது.

"எந்தக் கால்னு கேளு. எவ்வளவு குட்டைன்னு கேளு. கூட்டிட்டு வரச் சொல்லு, நானே அளக்கறேன்."

எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

இப்போது நாலு பேருக்குப் போயிருக்கிறது. ஒருவரும் பதில் போடவில்லை. போடாமலே போகலாம். அந்த எட்டு வயதுப் பெண் இத்தனை நாளாக எந்த ஷூவைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள் என்று என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அண்ணன் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். அம்மா முழிப்பாகத்தான் இருக்கிறாள். திரையில் அடுத்த பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு, நான் தொடங்குவதற்காகக் காத்திருக்கிறாள்.