சுவருக்கும் தலைக்கும் நடுவே நான்கு விரல்

என் வீட்டுக்காரர் சேஷன் வயலின் வாசிக்க உட்கார்ந்தால் தலை இடது பக்கம் சாய்ந்துவிடும். இடது தோள் மேலே ஏறி வந்து அந்தத் தலையை வாங்கிக்கொள்ளும். கண் பாதி மூடிவிடும். "என்ன லயிப்பு, என்ன லயிப்பு!" என்று வலியசாலைத் தெரு முழுக்க உருகும். அவரிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சரளி வரிசை வருவதற்கு முன்பே தலையைச் சாய்க்கக் கற்றுக்கொண்டார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் அதில் பெருமைதான்.

ஐம்பத்தொன்றாம் வருஷத்துக் கோயில் உற்சவத்தில் அந்தப் பெருமைக்கு விழுந்தது அடி. திருநெல்வேலியிலிருந்து குற்றாலலிங்கம் பாட வந்திருந்தார். பதினெட்டு வருஷமாக அவருக்கு இவர்தான் பக்கவாத்தியம். பல்லவி நடுவில் இவருடைய இடது கை விரல்கள் மரத்துப்போய், வில்லைக் கீழே வைத்துவிட்டார். மிருதங்கக்காரர் எப்படியோ ஒப்பேற்றினார். உற்சவக் கமிட்டி பகவதிப்பெருமாள் பிள்ளை மறுநாள் வீட்டுக்கு வந்து, "அடுத்த வருசமும் சாமியைத்தான் போடணும்னு இருக்கு. கை எப்படின்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பக்கவாத்தியக்காரன் வில்லை ஒரு தடவை கீழே வைத்தால் அனுதாபப்படுவார்கள். மறு தடவை வைத்தால் வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

தைலம் தேய்த்தோம், உடம்பு பிடித்துவிடும் உழிச்சில்காரனைக் கூப்பிட்டோம், அம்பாளுக்கு வேண்டிக்கொண்டோம். எட்டு மாதம் இப்படியே போயிற்று. கடைசியில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஞானையன் என்று ஒருவர் இருந்தார். யுத்த காலத்தில் பட்டாள ஆஸ்பத்திரியில், காயம்பட்ட சிப்பாய்களுக்குத் தேகப்பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பழகியவர். அவர் இவருடைய கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் முதுகு சாய்த்து நிற்கச் சொன்னார்.

"குதிகால், இடுப்பு, தோள்பட்டை மூணும் சுவரிலே படணும் சாமி. செரி. இனி பின்மண்டையைச் சுவரிலே வையுங்க பாப்போம்."

தலை போகவில்லை. முகத்தை மேலே தூக்காமல் வைக்க இவர் எவ்வளவோ முக்கிப் பார்த்தார். ஞானையன் தலைக்கும் சுவருக்கும் நடுவில் கையை நுழைத்துக் காட்டினார். "நாலு விரல் கெடக்கு, பாத்தேளா அம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருஷமாக இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறேன். இவர் தலை உடம்புக்கு நாலு விரல் முன்னால் போய் நிற்பதை ஒரு நாளாவது கண்டேனா?

"தலைன்னா லேசுப்பட்ட கனமில்லை, கேட்டேளா. முதுகெலும்புக்கு நேரே இருந்தா அதுபாட்டுக்கு நிக்கும். முன்னாலே சாஞ்சா கழுத்துச் சதைதான் ராப்பகலா பிடிச்சுக்கிட்டு நிக்கணும். இந்தப் பக்கம் சதை இறுகிப் போச்சு. தோளுக்குப் பின்னாலே உள்ளது வேலை மறந்து தூங்கிப் போச்சு. எண்ணெய் தேச்சா வலி கொறையும். தூங்கினதை யாரு எழுப்புறதாம்?"

எழுப்பும் வழியைக் கேட்டதும் இதற்கா இத்தனை பாடு என்றிருந்தது. சுவரில் நின்றபடி மோவாயை நேரே பின்னுக்கு இழுத்துப் பத்து எண்ண வேண்டும். இரண்டு கையையும் சுவரை ஒட்டியே மேலே ஏற்றி இறக்க வேண்டும். வலது கையால் தலையை மெல்ல வலப் பக்கம் சாய்த்து, இறுகின இடது கழுத்தை இளக்க வேண்டும். காலையில் பத்துத் தடவை, மாலையில் பத்துத் தடவை. வாசிக்கும்போதும் தலை நேராக இருக்க வேண்டும்.

அந்தக் கடைசிப் பேச்சுதான் இவரைச் சுட்டது. கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் வெடித்தார். "தலையை நிமித்திண்டா சங்கீதம் எங்கேடி இருக்கும்? அது இங்கே சாஞ்சாத்தான் எனக்கு வரும்!"

"கை மரத்துப் போனா மட்டும் வருமாக்கும்?" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே செய்தார். ஒரு வாரத்தில் ஒரு நாள், "தொட்டுடுத்துடி!" என்று கூவினார். ஓடிப் போய்ப் பார்த்தேன், நடுவில் இடமில்லை. பாயசம் வைத்தேன். ஆனால் மாதம் ஒன்று போன பிறகும் விரல் மரப்பது நிற்கவில்லை. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஞானையன் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"சாமி, சுவரைத் தொட்டது உங்க குடுமியாக்கும்! தலை நின்ன இடத்திலேயே நிக்கி."

கட்டைக் குடுமி, நாலு விரல் பருமன். முதல் தடவை வந்தபோது கழுத்தோரம் தளர்ந்து கிடந்ததை வீட்டில் தூக்கி முடிந்திருந்தார். ஒரு மாதமாக அதைச் சுவரில் முட்டுக் கொடுத்துவிட்டு நாங்கள் பாயசம் சாப்பிட்டிருக்கிறோம். உற்சவத்துக்கு மூன்று மாதம்தான் பாக்கி. குடுமியை எடுத்துக் கிராப் வைத்துக்கொண்டால் சௌகரியம் என்று ஞானையன் சொன்னார். இவர் முறைத்தார். எனக்கு வந்த கோபத்தில், வீட்டுக்கு வந்ததும் குடுமியை அவிழ்த்து முன்னால் இழுத்து, நம்பூதிரிகளின் முன்குடுமி மாதிரி நெற்றிக்கு மேலே முடிந்துவிட்டேன். தெருவுக்குக் கேட்க வேண்டுமா? "சேஷன் நம்பூதிரி ஆயாச்சு, இனி இல்லம் எங்கே?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் விசாரித்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. தினமும் காலையில் அவர் சுவரில் நிற்பார், நான் விரலை நுழைத்துப் பார்ப்பேன். நாலு விரலும் போகும். பிறகு நாலாவது விரல் இடித்தது. ஒரு மாதத்தில் மூன்றாவதும் நுழையவில்லை. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, கத்தி இல்லை. வெறும் சுவர்! நாற்பத்தைந்து வயது உடம்பு, இனி எலும்போடு இறுகிப்போனதுதான் என்று நான் நினைத்திருந்த உடம்பு, என் கண் முன்னால் நெல்லளவு நெல்லளவாகத் தன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இடது தோள் இறங்கி வலது தோளோடு வந்து நின்றது. ஒரு நாள் காலையில் சுண்டு விரல்கூட நுழையவில்லை. கையை எடுக்கத் தோன்றாமல் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோயிலில் நடை திறக்கும்போது எப்படி நிற்பேனோ அப்படி நின்றேன் என்றால் மிகையில்லை.

அவருக்கு அந்த சந்தோஷம் இல்லை. நிமிர்ந்து வாசித்தால் உப்பில்லாத சாதம் மாதிரி இருக்கிறது என்றார். உற்சவத்துக்கு முதல் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கை வந்துடுத்து, சீதா. சங்கீதம் போயிடுத்து" என்றார். சங்கீதத்தை நான் எந்தச் சுவரில் வைத்து விரலால் அளப்பேன்?

மறுநாள் சாயங்காலம் கோயிலுக்குள் குற்றாலலிங்கம் கச்சேரி. அங்கே ஆண்கள் மேலே சட்டை போடக் கூடாதே, பெண்கள் பக்கத்திலிருந்த எனக்கு அவர் முதுகு முழுசாகத் தெரிந்தது. முதல் உருப்படி முடிவதற்குள் தலை பழையபடி சாய்ந்துவிட்டது. பல்லவி வந்தது. போன தடவை கை விட்ட அதே இடம். இடது தோள் ஏறிற்று. விரல்களை ஒரு தடவை உதறினார்.

அப்போது, யாரும் சொல்லாமல், மோவாய் உள்ளே போயிற்று. தோள் தானாக இறங்கிற்று. தலை எழுந்து நேரே நின்றது. மங்களம் வரை அது சாயவே இல்லை, வில்லும் நிற்கவில்லை.

வெளியே வரும்போது பின்னால் பேச்சுக் கேட்டது. "என்ன, சேஷனுக்கு இன்னிக்கு மனசே இதிலே இல்லையோ? சும்மா கம்பம் மாதிரி உக்காந்துண்டிருந்தாரே." எனக்கு ரத்தம் கொதித்தது. திரும்பிக் கேட்டிருப்பேன், இவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அவர் வயலின் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னால் விடுவிடென்று நடந்தார். அவ்வளவுதான், எல்லாம் போயிற்று, நான்தான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

"கை எப்படி இருக்கு?" என்றேன்.

"கைன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு." வாசலிலேயே நின்றார். கண் நிறைந்திருந்தது. "பதினெட்டு வருஷம், சீதா. வயலின் மேலேயே காதைச் சாய்ச்சு வெச்சுண்டு என்னையேதான் கேட்டுண்டிருந்திருக்கேன். இன்னிக்குத் தலையைத் தூக்கினேனா, அப்போதான் குற்றாலலிங்கம் பாடறது என் காதிலே விழுந்தது. என்ன பாட்டுடி அது!"