பெரியப்பாவும் கைதூக்கியும்

எங்கள் வீட்டில் காப்பி குடிக்காத ஒரே ஆள் நான். அதனாலேயே என்னை நீதிபதியாகப் போட்டார்கள். "உனக்குத்தான் எந்தப் பக்கமும் சாயத் தெரியாது" என்றார் எங்கள் வீட்டுக்காரர். முப்பது வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறவளுக்குக் கசப்பைப் பற்றி அபிப்பிராயம் இருக்கக்கூடாதாம்!

விஷயம் காப்பி இல்லை, கல்யாணம். மகள் ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். பிசியோதெரபிஸ்ட். முதல் நாளே என் தோள்பட்டையைப் பிடித்து இரண்டு திருப்புத் திருப்பினான், ஆறு மாத வலி ஓடிவிட்டது. நான் அன்றைக்கே சரி சொல்லிவிட்டேன். மகளோ, "அப்பா வாயால சரின்னு வரணும். அதுவரைக்கும் பண்ணிக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். நாலு மாதமாக அந்த ஒரு வார்த்தை வரவில்லை. மற்றதெல்லாம் அந்த வாயிலிருந்து நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

அத்தனைக்கும் காரணம் அந்தப் பையன் எங்கள் வீட்டில் கேட்ட முதல் கேள்வி. சமையலறை மேடையைப் பார்த்து, "அழகா இருக்கு அங்கிள், ஷோவுக்கு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டான். போச்சு!

அவன் காட்டியது பெரியப்பாவை. அப்படித்தான் நான் கூப்பிடுவேன். பழைய எஸ்பிரஸோ மெஷின், என்னைவிட இரண்டு வயது மூத்தது. மூடிப்போன ஓட்டல் ஒன்றின் ஏலத்தில் இவர் எடுத்து வந்தார். பித்தளை வயிறு, வெள்ளி முலாம், தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு லீவர். சூடாக நாற்பது நிமிஷம் எடுத்துக்கொள்ளும். அதுவரை பெருமூச்சு விடும், உஸ் உஸ்ஸென்று சலித்துக்கொள்ளும். லீவரைக் கீழே இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் இறுகும், கையை விட்டால் ஸ்பிரிங் தானே விரிந்து வெந்நீரைப் பொடி வழியாகத் தள்ளும், லீவர் மெதுவாக மேலே ஏறும். இவர் லிஃப்ட் மெக்கானிக். தானாக ஏறி இறங்கும் எதைப் பார்த்தாலும் உருகிவிடுவார்.

பெரியப்பாவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கீழே மாட்டுகிற பொடிக் கிண்ணத்தில் பொடி இல்லாமல் இழுத்துவிட்டுக் கையை எடுத்தால், ஸ்பிரிங்கைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் லீவர் பளாரென்று மேலே பாயும். வாங்கிய முதல் மாதம் இவர் தாடையில் பாய்ந்தது. மூன்று தையல். கேட்கிறவர்களிடம் லிஃப்ட் வேலையில் பட்ட காயம் என்று சொல்லிக்கொள்வார்.

பையன் வைத்திருப்பது புது ரகம். மின்சாரம் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. மேலே வெந்நீரை ஊற்றி, இரண்டு பக்கமும் இருக்கும் கைகளை நம் கையாலேயே அழுத்த வேண்டும். முன்னால் அழுத்தத்தைக் காட்டும் முள் ஒன்று. சும்மா நிற்கும்போது இரண்டு கையையும் உயரத் தூக்கிக்கொண்டு போலீஸிடம் சரணடைந்தவன் மாதிரி இருக்கும். கைதூக்கி என்று பேர் வைத்தேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாக்குவாதம்.

"ஸ்பிரிங் பொய் சொல்லாது தம்பி. நீ சண்டை போட்டுட்டு வந்தாலும் சிரிச்சுக்கிட்டு வந்தாலும் அதே அழுத்தம்தான்."

"அதான் அங்கிள் அதுல குறையே. இதுல முள்ளைப் பாத்துக் கூட்டலாம், குறைக்கலாம். பொடி பழசா புதுசான்னு கைக்கே தெரிஞ்சிடும்."

"முள்ளைப் பாத்துக் காப்பி போடறவன், கடிகாரத்தைப் பாத்துத்தான் பசின்னு சொல்லுவான்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இரண்டு பேருக்கும்! எனக்குத் தலை வெடித்தது. ஒருநாள் இவர் சவால் விட்டார். "என் மெஷின்ல அவன் ஒரு கப் போடட்டும், அவனோடதுல நான் போடறேன். அதுக்கப்புறம் பேசுவோம்." மகள் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், அன்றைக்கு அப்பா வாயிலிருந்து சரி வந்துவிடும் என்று நம்பிவிட்டாள். எனக்கா இவரைத் தெரியாது? தோற்றால் இவர் முறுக்கிக்கொள்வார், ஜெயித்தால் அதைவிட முறுக்கிக்கொள்வார்.

பையன் கைதூக்கியை எங்கள் வீட்டுக்கே கொண்டு வந்தான். மற்றதையெல்லாம் நானே ஏற்பாடு செய்தேன். கடைத் தராசில் பதினெட்டு கிராம் பொடியை இரண்டு முறை நிறுத்து, மாத்திரை மடிக்கிற மாதிரி இரண்டு பொட்டலம் மடித்து வைத்தேன். முதல் பொட்டலத்தை இவரிடம் கொடுத்தேன்.

கைதூக்கியின் முன்னால் போய் நின்றார். பொடியைப் போட்டார், வெந்நீர் ஊற்றினார், இரண்டு கையையும் பாதிவரை அழுத்தினார், விட்டார். விட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பொத்தானை அமுக்கிவிட்டு லிஃப்டுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார். கப்பில் இரண்டு சொட்டு விழுந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

"விடக்கூடாது அங்கிள்" என்றான் பையன் மெதுவாக. "இதுல நம்ம கைதான் ஸ்பிரிங்."

"உன் மேடை ஆடுது" என்றார் இவர் என்னிடம்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றேன். "அடுத்த ஆள் வாங்க."

பையன் பெரியப்பாவிடம் போனான். இவர் பக்கத்திலேயே நின்று, திருடனைப் பார்க்கிற மாதிரி அவன் கையையே பார்த்தார். பையனுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. கிண்ணத்தை எடுத்தான், துடைத்தான், மறுபடியும் துடைத்தான், கீழே மாட்டித் திருப்பினான். லீவரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து இறக்கினான். இறக்கியவன் விடவில்லை. அவன் பழக்கம் அது. அப்படியே மேலே குனிந்து, முள் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான்.

"இதுல விடணும், விட்டுடு!" என்றாள் மகள்.

அப்போதுதான் கப்பில் தண்ணீர் விழுந்தது. காப்பி இல்லை. பளிங்கு மாதிரி வெறும் வெந்நீர்.

இவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பையனின் தாடை லீவருக்கு நேர் மேலே இருந்தது.

"விடாதே! கையை விடாதே!"

பையனுக்கு உள்ளங்கை வழுக்கியது. மகள் பாய்ந்து போய் அவன் கைமேல் கை வைத்து அழுத்தினாள்.

"அப்படித்தான்! ரெண்டு பேரும் கையை விடாதீங்க! என்ன ஆனாலும் சரி, கையை விட்டுடாதீங்க!" என்று கத்திக்கொண்டே இவரும் ஓடிப்போய்த் தன் கையை அவர்கள் இருவர் கைமேலும் வைத்தார். மற்றக் கையால் பையனின் தலையைப் பின்னால் தள்ளினார்.

உயிர் திரும்பி வந்தது எனக்கு. வந்த உடனே என் வாய் சும்மா இருக்குமா?

"கேட்டியாடி? உங்கப்பா வாயாலயே சொல்லிட்டார்."

"என்னத்தைச் சொன்னேன்?"

"என்ன ஆனாலும் சரி, ரெண்டு பேரும் கையை விடாதீங்கன்னு."

"நான் லீவரைச் சொன்னேன்!"

"லீவர்ன்னு நீங்க சொல்லவே இல்லையேப்பா" என்றாள் மகள். "கைன்னுதான் சொன்னீங்க." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும். இவர் பையனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னை முறைத்தார். தப்பித்து ஓடவும் வழியில்லை, கை லீவரில் மாட்டியிருக்கிறது.

"முதல்ல இதை மேல கொண்டுபோவோம்" என்றார். "ஒரேயடியா விடக்கூடாது. நான் சொல்ற வேகத்துல வரணும். முதல் மாடி... மெதுவா. ரெண்டாவது மாடி... தம்பி, அவசரப்படாதே. மூணு..."

மூன்று பேர் கையும் சேர்ந்து ஏறியது. பெரியப்பா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.

"வந்தாச்சு. இனி பயமில்ல" என்றார். தன் கையை எடுத்துக்கொண்டார். அவர்கள் இருவர் கையும் லீவரில் அப்படியே இருந்தது. அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே தாடைத் தழும்பைத் தடவினார்.

"சரி" என்றார்.

மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "லீவருக்காப்பா?"

"லீவருக்கு எதுக்குடி நான் சரி சொல்றேன்" என்றார். உடனே பையன் பக்கம் திரும்பி அதட்டினார். "பொடி போடாம இழுக்கற ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன். பொடி எங்கய்யா?"

"ஆன்ட்டி தரவே இல்லையே அங்கிள்" என்றான் பையன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வலது கையைப் பார்த்தேன். இரண்டாவது பொட்டலம் அங்கேதான் இருந்தது. மகள் போய்விடுவாளோ, போகாமலே இருந்துவிடுவாளோ என்ற பயத்தில் அதை அவ்வளவு நேரமும் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். காகிதம் வேர்வையில் ஊறிக் கிழிந்து, உள்ளங்கையெல்லாம் காப்பிப் பொடி.

"அம்மா, கையை விடும்மா" என்றாள் மகள்.

விரித்தேன்.