தூக்கிவிடுற கைக்கும் ஒரு பங்கு

திண்டுக்கல் ரோட்டில், பரவை மார்க்கெட் வாசலுக்கு நேர் எதிரே, முத்துமீனா இருபதடி உயரத்துக்கு நின்றாள். ஒரு கையில் பாஸ்கெட்பால், இன்னொரு கையில் ஒரு கட்டு கம்பி. கீழே 'வேங்கை முறுக்குக் கம்பி' என்று கொட்டை எழுத்து. அந்தக் கம்பியை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனையூரில் ஒரு ஸ்டுடியோவில் வெறுங்கையைத் தூக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். கம்பி பிறகு கம்ப்யூட்டரில் வந்து சேர்ந்தது.

போர்டு ஏறின அன்றைக்கு அவள் அப்பா பேயாண்டியைச் சுற்றி மார்க்கெட் லோடுமேன்கள் ஒரே ரகளை. மகள் டன் கணக்கில் கம்பியைத் தூக்குது, அப்பன் இன்னும் வெங்காய மூட்டையோட மல்லுக்கட்டுறாரே என்று ஓட்டினார்கள். பேயாண்டி அன்றைக்கு எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். அவருக்கு வலது முட்டி போய் இரண்டு வருஷம். ஒழுகுகிற வீட்டுக் கூரை ஓட்டை மாற்றிவிடலாம், முட்டிக்கும் ஒரு நல்ல டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று மனசுக்குள் அவர் போட்ட கணக்கு அந்த வடையோடு தொடங்கியது.

முத்துமீனா சமயநல்லூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருஷம். அந்தக் கல்லூரியில் பேர் சொல்ல இருந்தது பெண்கள் பாஸ்கெட்பால் டீம் ஒன்றுதான். கம்பிக்காரர்கள் வருஷம் முழுக்க அவளுக்கு மாசாமாசம் பதினைந்தாயிரம் தருவதாக ஒப்பந்தம். ஒரு மேட்ச்சில் அவள் மட்டும் இருபது பாயிண்டோ அதற்கு மேலோ போட்டால், அந்த மேட்ச்சுக்கு இன்னொரு ஐயாயிரம்.

அந்த ஐயாயிரம்தான் டீமைக் கெடுத்தது.

காசு வருவதற்கு முன்னால் ஆறு மேட்ச்சில் ஆறும் ஜெயித்தவர்கள், வந்த பிறகு நாலில் மூன்றைத் தோற்றார்கள். முத்துமீனா ஒன்றும் மோசமாக ஆடவில்லை. இருபத்தைந்து, இருபத்தெட்டு என்று அவள் பாயிண்டு ஏறிக்கொண்டேதான் போனது. டீம்தான் இறங்கியது. பந்தைக் கொண்டுவருகிற தமிழ்ச்செல்வி, முன்னெல்லாம் இவள் எங்கே நிற்பாள் என்று பார்க்காமலே பாஸ் கொடுப்பாள். இப்போது இரண்டு பேர் இவளை மறித்து நின்ற பிறகுதான் கொடுத்தாள். இவளுக்காக எதிராளியை மறித்து நிற்கிற ஹஃபீஸா, எதிராளியின் முழங்கை இடி வாங்குவதை நிறுத்திக்கொண்டு ஓரமாய் ஓடினாள். இதையெல்லாம் குறை சொல்ல முத்துமீனாவுக்கும் வாயில்லை. ஹஃபீஸா ரிங்குக்கு அடியில் கையை விரித்துச் சும்மா நிற்கும்போதே, தூரத்திலிருந்து தானே எறிந்தாள். ஒருமுறை இரண்டுமுறை இல்லை.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாத்திமா காலேஜ் தாண்டினதும் தமிழ்ச்செல்வி ஷூவைக் கழற்றினாள். அடி பிளந்து, கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தாள். டேப்பை உரித்துக்கொண்டே கேட்டாள்:

"ஒரு பாஸ்கெட்டுக்கு உனக்கு எம்புட்டுடி? சொல்லு, நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்."

முத்துமீனா காலைப் பார்த்துக்கொண்டாள். காலில் கம்பிக் கம்பெனி வாங்கிக் கொடுத்த ஆரஞ்சு ஷூ.

மறுநாள் காலையில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். ஒட்டன்சத்திரம் லாரி ஒன்று பாதி இறங்கியிருந்தது. முட்டி போனதிலிருந்து பேயாண்டி மூட்டை சுமப்பதில்லை. லாரி மேலே நின்று, ஒவ்வொரு மூட்டையாக மற்றவர்கள் முதுகில் தூக்கிவிடுவார். ஒருத்தனும் தானாக மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டதை அவள் பார்த்ததில்லை. வேலை முடிந்ததும் ஒன்பது பேரும் ஒரு துண்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வந்த கூலி துண்டில் விழுந்தது. ஒன்பது பங்கு, எல்லாம் ஒரே அளவு. நூறு மூட்டை சுமந்த அழகுராஜாவுக்கும் ஒரு பங்கு, ஒரு மூட்டையும் சுமக்காத பேயாண்டிக்கும் ஒரு பங்கு. சின்ன வயசிலிருந்து பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் சோற்றுத் தூக்கைக் கீழே வைக்காமல் நின்று பார்த்தாள்.

சாயங்காலம் கோர்ட்டில் தன் துப்பட்டாவை விரித்து, கம்பிக் காசை டீமில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டாகப் பிரித்து வைத்தாள். இனிமேல் எது வந்தாலும் இப்படித்தான், பெஞ்சில் உட்கார்கிறவளுக்கும் சேர்த்து என்றாள். பிள்ளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். தமிழ்ச்செல்வி மட்டும் கையை நீட்டவில்லை.

"எங்களுக்குத் தர்மம் பண்றியாக்கும்?"

"தர்மம் இல்லடி, கூலி. எங்கப்பா லாரி மேல நின்னு வாங்குறாருல்ல, அந்தக் கூலி. நீ தூக்கிவிடாம எவ முதுகுலடி மூட்டை ஏறும்?"

தமிழ்ச்செல்வி தட்டிக்கொண்டிருந்த பந்தைக் கையில் பிடித்தாள். பிறகு வந்து தன் பங்கை எடுத்தாள். அந்த வாரமே புது ஷூ வந்தது. ஹஃபீஸா பழையபடி முழங்கை இடி வாங்கினாள். முத்துமீனாவின் பாயிண்டு பதினாலு, பன்னிரண்டு என்று இறங்கிப் போக, டீம் வரிசையாக ஜெயித்து மண்டல ஃபைனலுக்கு வந்துவிட்டது.

அதோடு நின்றிருந்தால் கம்பெனிக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் லோடுமேன் வழக்கத்தில் இன்னொன்று உண்டு. கூலி வாங்கும்போது எல்லாரும் கூட நிற்க வேண்டும். அப்போதுதான் ஒருத்தர் மேல் ஒருத்தருக்குச் சந்தேகம் வராது. அதையும் முத்துமீனா அப்படியே எடுத்துக்கொண்டாள். மாசம் ஒன்றாம் தேதி கம்பெனி ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கவர் வாங்க அவள் மட்டும் போகவில்லை. பன்னிரண்டு பேரும் விளையாட்டு உடுப்போடு போய் வரிசையாக நின்றார்கள்.

மேனேஜர் ராஜபாண்டி முதலில் சிரித்தார், ஏதோ செல்ஃபி எடுக்க வந்த கூட்டம் என்று. விஷயம் தெரிந்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது. இது என்ன சந்தைக் கூலியா, ஆளுக்கு ஒரு பங்கு பிரிக்க என்று கேட்டார். கம்பெனி காசு கொடுப்பது ஒரு முகத்துக்கு. மற்ற பதினோரு முகத்தை ஊரில் எவனுக்குத் தெரியும்? அதுவும் பன்னிரண்டு பாயிண்டு போடுகிற பிள்ளைக்கு எதற்கு இருபதடியில் போர்டு? முதலாளி ஃபைனலுக்கு நேரில் வருகிறார். இருபது பாயிண்டு வரணும், பங்கு பிரிக்கிற வேலையும் நிற்கணும். இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து என்று சொல்லிவிட்டு, அவளை மட்டும் தனியாக நிறுத்திப் போட்டோ எடுத்தார்.

வீட்டில் பேயாண்டி அதைவிடக் கோபப்பட்டார். ஊரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவாளா ஒருத்தி என்று சத்தம் போட்டார்.

"நீங்க ஒம்பது பேரு பிரிச்சுக்கிறீங்கள்ல?" என்றாள்.

"அது கூலி, தாயி. இது உன் மூஞ்சிக்கு வர்ற காசு. மூஞ்சியை யாரும் பங்கு போட முடியாது. எனக்கு முட்டி இல்ல. அதையாச்சும் நெனச்சுப் பாத்தியா?"

அவள் எண்ணெயைச் சூடுபண்ணி எடுத்துவந்து அவர் முட்டியில் தேய்த்துவிட்டாள். 

ஃபைனலில் எதிர் டீம் பெரிய கல்லூரி. வெளி மாவட்டத்திலிருந்து காசு கொடுத்து இழுத்து வந்த மூன்று பேர் அதில் இருந்தார்கள். ஒருத்தி முதுகில் டிராவல்ஸ் பேர், ஒருத்தி கையில் நகைக்கடைப் பேர் போட்ட பட்டை. முன்வரிசையில் ராஜபாண்டியும் முதலாளியும். அவர்களுக்கு நாலு வரிசை பின்னால், அன்றைக்கு லாரியை விட்டுவிட்டு வந்த பேயாண்டி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

கடைசி எட்டு நொடி. ஒரு பாயிண்டு பின்னால். முத்துமீனா பதினெட்டு போட்டிருந்தாள். தமிழ்ச்செல்வி கொடுத்த பந்து அவள் கையில். ஒரு பாஸ்கெட் விழுந்தால் இரண்டு பாயிண்டு; கப்பும் வரும், இருபதும் வரும், கூரை ஓடும் மாறும், முட்டியும் சரியாகும். முதலாளி எழுந்து நின்று கையை ஆட்டி, எறி எறி என்றார். அந்த நேரம் மூன்று பேர் அவள் மேல் பாய்ந்தார்கள். மூன்று பேர் இங்கே என்றால் அங்கே யாரோ சும்மா நிற்கிறாள். பார்க்கவே வேண்டியதில்லை. ஹஃபீஸாதான்.

கொடுத்தாள்.

ஹஃபீஸா நன்றாகத்தான் எறிந்தாள். பந்து போர்டில் பட்டு, ரிங்கின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

ஹஃபீஸா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராஜபாண்டி கோர்ட்டுக்குள்ளேயே இறங்கி வந்தார். முதலாளி காறித் துப்பாத குறையாகப் போய்விட்டார் என்றும், கையில் இருந்த கப்பைப் பிச்சை போட்டுவிட்டாயே என்றும் சொன்னார். ஒரு பந்தை எறியக் கை வராதா உனக்கு என்று கேட்டார். முத்துமீனா மூச்சு வாங்கி முடிக்கிறவரை அவரைக் காக்க வைத்தாள்.

"நாளைக்கு இதே மேட்ச் வந்தாலும் ஹஃபீஸாவுக்குத்தான் சார் குடுப்பேன். போர்டைக் கழட்டிக்கங்க."

ஆரஞ்சு ஷூவைக் கழற்றி அவர் காலடியில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு போய் ஹஃபீஸாவைக் கைகொடுத்துத் தூக்கினாள். முதல் இரண்டு டீமும் சென்னையில் நடக்கிற மாநிலப் போட்டிக்குப் போகும். இதே ஆட்களை அங்கே மறுபடி பார்க்கப் போகிறார்கள். தமிழ்ச்செல்வி அந்தப் பெரிய கல்லூரிக்காரிகளிடம் போய்க் கைகொடுத்து, "சென்னையில பாப்போம்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பேயாண்டி மகளுக்காகக் காத்திருக்காமல் நொண்டிக்கொண்டே போய் பஸ் ஏறிவிட்டார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில், கம்பெனி வண்டியில் மூன்று ஆட்கள் போர்டைக் கழற்ற வந்தார்கள். ஏணியைச் சாத்தினதும் கீழே பேயாண்டி நொண்டிக்கொண்டு வந்து நின்றார். பின்னாலேயே எட்டு பேர். இந்த மார்க்கெட் வாசலில் எந்தச் சரக்கை இறக்குவதென்றாலும் இங்கே இருக்கிற ஆட்கள்தான் இறக்க வேண்டும். அது வெங்காயமானாலும் சரி, இருபதடி மூஞ்சியானாலும் சரி என்றார்.

வந்தவன் போனை எடுத்தான். ராஜபாண்டி போனிலேயே கத்தினது நாலு பேருக்குக் கேட்டது. பேயாண்டி போனை வாங்கினார்.

"ஏத்தும்போது எங்களைக் கேக்கல, பொறுத்துக்கிட்டோம். இறக்குறது நாங்கதான் சார். கூலியை அனுப்பிவிடுங்க."

மத்தியானம்வரை வண்டி நின்றது. பிறகு கூலி வந்தது. அழகுராஜாவும் இன்னும் இரண்டு பேரும் மேலே ஏறி, கயிறு கட்டி, முத்துமீனாவைச் சுருக்கம் விழாமல் சுருட்டி இறக்கினார்கள். பேயாண்டி கீழே நின்று தாங்கிப் பிடித்தார்.

துண்டைச் சுற்றி ஒன்பது பேரும் உட்கார்ந்தபோது, அவள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றாள். போர்டு இருந்த இடத்தில் வெறும் சட்டமும் அதற்குப் பின்னால் வானமும் தெரிந்தன. பேயாண்டி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. துண்டில் கிடந்ததை மெதுவாகப் பிரித்து வைத்தார்.

பத்துப் பங்கு வைத்தார்.